ஹெல்காம்மாவும் வெண்டைக்காய்ச் சட்டையும்

1

எங்கள் தோட்டத்துக்கு இந்த வாரத்தோடு ஒரு வயது நிறைகிறது. பெற்ற பிள்ளையின் பிறந்த நாளுக்குக்கூட நீ இப்படிக் குதித்ததில்லை என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். குதிக்க வேண்டிய விஷயம்தான். இந்த ஒரு வாரத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

தோட்டம் என்றதும் கிணறு, பம்பு செட்டு, வரப்போரத் தென்னை என்று மனசு சாணார்பட்டிப் பக்கம் ஓடிவிட வேண்டாம். நாங்கள் இருப்பது தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மண்ணைத் தொட வேண்டுமென்றால் பூந்தொட்டியைத்தான் தொட வேண்டும். இந்த மாதிரி ஆட்களுக்காக ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுகிறார்கள். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு தலைவர். பெயர் எழுதி வைத்து வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு, போன ஆண்டுதான் எங்களுக்கு ஒரு துண்டு கிடைத்தது. நம் ஊரில் கடலை காயப் போடுகிற களம் அளவுதான் இருக்கும். எனக்கு அது ஜமீன்.

ஆனால் ஜமீனுக்கு இருக்கிற சட்டதிட்டம் இருக்கிறதே! வேலி இடுப்புக்கு மேல் வளரக் கூடாது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை சத்தம் கூடாது. நச்சுச் செடி அறவே கூடாது. முதல் வருஷம் முழுக்கச் சோதனைக் காலம். அது முடியும்போது கமிட்டி கூடி, இவர்கள் இருக்கலாமா போகலாமா என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். எங்களுக்கான கூட்டம் இந்தச் சனிக்கிழமை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

வேடசந்தூரில் மில் பஸ் பிடித்து ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு, நூற்பு மெஷின் பயிற்சி என்று இங்கே வர வாய்ப்பு கிடைத்தது. அந்தக் கம்பெனியே அவரை வைத்துக்கொண்டது. அவருக்கு மெஷின் போதும். நான் காய்கறிக்காரர் வீட்டுப் பெண். இந்த நாட்டில் நான் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன், பேசுகிறேன், சிரிக்கிறேன். ஆனால் எனக்கும் கொஞ்சம் விவரம் தெரியும் என்று நிமிர்ந்து நின்றது இந்தத் துண்டு நிலத்தில்தான். அதைப் பறிகொடுக்க என்னால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

2

வைத்தது வெண்டை. துருக்கிக்காரர் கடையில் விதை வாங்கி, பாலிதீன் கூடாரம் போட்டு, அதற்குள் வளர்த்தேன். குளிர் நாட்டில் வெண்டையா என்று பக்கத்துத் துண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கோடை நல்ல வெயில். செடி பூத்துக் காய்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வெண்டைக்காய் பறித்தவர்களுக்குச் சொனை என்றால் என்னவென்று தெரியும். காயிலும் இலையிலும் காம்பிலும் கண்ணுக்குத் தெரியாத பூ முள். கையில் பட்டுவிட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு மெதுவாக ஊறல் எடுக்கும். சொறிந்தால் நமைச்சல். இன்னும் சொறிந்தால் எரிச்சல், தடிப்பு. ஒரு அரிப்புக்குள் நமக்கு இத்தனை படிக்கட்டு இருக்கிறது. ஜெர்மனில் எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான்.

இதற்கு எங்கள் பக்கத்தில் இரண்டே ஏற்பாடு. ஒன்று, வீட்டு ஆம்பிளையின் பழைய முழுக்கைச் சட்டை. சேலைக்கு மேல் அதைப் போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டித்தான் பெண்கள் வெண்டைக் காட்டில் இறங்குவார்கள். இரண்டு, கையிலும் விரலிடுக்கிலும் தடவிக்கொள்ள விளக்கெண்ணெய். என் தங்கை முத்துலட்சுமி இன்றைக்கும் அப்படித்தான் பறித்துத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றுகிறாள். சட்டை எதற்கு என்று யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. தோசைக் கல்லில் எண்ணெய் எதற்கு என்று யார் விளக்குவார்கள்?

அதே வழக்கப்படி, தோட்டத்தில் இருக்கும் மரக் கொட்டகையில் வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் விளக்கெண்ணெய்ப் பாட்டில்.

3

போன வாரம் மகள் யாழினியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க, தூதரக வேலையாக வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. யாழினிக்குப் பதினைந்து வயது. வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனபோது, பேச்சைக் கேட்காமல் அரைக்கைச் சட்டையோடு சித்தியின் காட்டில் இறங்கி, கை முழுக்கச் சொனை ஏறி, "இனிமே இந்த ஊருக்கு வரவே மாட்டேன்" என்று கத்தியவள் அவள். போகாத ஊருக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்பது அவள் கேள்வி. அதையும் ஜெர்மனில்தான் கேட்டாள். நான் தமிழில் ஒன்று கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவது வீட்டில் வழக்கமாகி ரொம்ப நாளாகிறது. கொண்டு போன போட்டோவில் காது சரியாகத் தெரியவில்லை என்று வேறு எடுக்க வேண்டியதாகி, வேலை ஒரு நாள் இழுத்தது.

வெண்டையோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். விட்டால் முத்திப்போகும். அதனால் பக்கத்துத் துண்டுக்கார ஹெல்காவிடம் கேட்டிருந்தேன். எழுபது வயது, தனியாக இருக்கிறவர், கமிட்டியிலும் உறுப்பினர். நான் ஹெல்காம்மா என்றுதான் கூப்பிடுவேன், அவரும் அதைத் தன் பெயர் என்றே ஏற்றுக்கொண்டுவிட்டார். அவரிடம், "வேண்டியதெல்லாம் கொட்டகையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்னதும் அவ்வளவுதான், நினைத்ததும் அவ்வளவுதான்.

திரும்பி வந்த அன்று மதியம் யாழினியையும் இழுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கொட்டகைக் கதவு இத்தனை நாளும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அன்று சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே மேசை மேல் வீட்டுக்காரர் சட்டை. துவைத்து, கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக இஸ்திரி போட்டு, கடையில் மடித்துக் கொடுப்பார்களே, அப்படி இருந்தது. பக்கத்தில் கூடை நிறைய வெண்டைக்காய்.

விளக்கெண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தேன். பாதி காலி. கதவுக் கீலில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. சட்டை துவைப்பதற்கும் எண்ணெய் கதவுக்கும் என்று நினைத்து ஹெல்காம்மா எனக்கு உதவி செய்திருக்கிறார்!

வெளியே வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். இரண்டு கையும் முழங்கை வரை சிவந்து, கோடு கோடாகத் தடித்திருந்தது. பக்கத்தில் சங்கத் தலைவர் டீட்டர். அவர் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "இது நச்சுச் செடியா?"

நான் இல்லை என்று பதறினேன். இத்தனை வருஷ ஜெர்மன் அப்போது பார்த்துக் காலை வாரியது. "செடிக்கு முடி இருக்கிறது, கெட்ட முடி" என்றேன். டீட்டர் செடியைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "சனிக்கிழமை கூட்டத்தில் பேசுவோம். அதுவரை யாரும் இந்தச் செடியைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தன் துண்டுக்குள் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

4

ஹெல்காம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. தோல் டாக்டரிடம் நேரம் கேட்டுப் போன் செய்தாராம். கிடைக்கிற நாளுக்குள் இங்கே பனி பெய்ய ஆரம்பித்துவிடும். அதனால் தானே வைத்தியம் பார்த்திருக்கிறார். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். நகத்தழுக்கு எடுக்கிற பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். கேட்கும்போதே எனக்குக் கை எரிந்தது.

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். யாழினி போனை எடுத்தாள். யாருக்கோ மெசேஜ் அனுப்புகிறாள் என்று நினைத்து எரிந்து விழப் போனேன். போனிலிருந்து வந்தது என் தங்கை குரல்.

"ஏ யாழி! என்னாத்தா இந்நேரத்துல? சாப்டியா?"

மணி இரண்டு. தோட்டத்தில் அமைதி நேரம். முத்துலட்சுமியின் குரல் ரயில் பாதை வரைக்கும் போயிருக்கும். அங்கே சாயங்கால நேரம். சட்டையும் தலைத் துண்டுமாக வெண்டைக் காட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தி, இங்க ஒரு அம்மா சட்டை போடாம வெண்டிக்கா பறிச்சிருச்சு. கையெல்லாம் சொனை."

நான் திரும்பிப் பார்த்தேன். பேசியது என் மகள்தான். சாணார்பட்டிப் பேச்சு அப்படியே வருகிறது.

"அடக் கொடுமையே! சட்டையில்லாம எறங்கலாமா? கையக் காட்டச் சொல்லு. ஆத்தீ, இம்புட்டுத் தடிச்சிருக்கு! சுடுதண்ணி ஊத்துச்சா?"

"ஆமா சித்தி. பிரஷ் வேற போட்டுத் தேச்சிருக்கு."

"அதென்ன ஈயப் பானையா, தேய்க்கிறதுக்கு? கொப்புளம் கெளம்பியிருக்கா? மூஞ்சி, ஒதடு வீங்கியிருக்கா? மூச்சுகீச்சு முட்டுதா கேளு."

யாழினி கேட்டாள். மூன்றுக்கும் இல்லை என்று ஹெல்காம்மா தலையாட்டினார்.

"அப்பப் பயப்படாதீக. இதுல ஒண்ணு இருந்தாலும் ஒடனே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரணும். இல்லைன்னா ஒனக்குப் பண்ணுனேன்ல, அதையே பண்ணு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சித்தி. மொதல்ல எண்ணெய்."

அவள் பாட்டிலில் மிச்சமிருந்த விளக்கெண்ணெயை ஹெல்காம்மாவின் கையில் மெதுவாகத் தடவினாள். தேய்க்கவில்லை, தடவினாள். செத்த நேரம் ஊற விட்டாள். பிறகு மெத்தென்ற பழைய துணியால் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே பக்கமாக வழித்து எடுத்தாள். மேலும் கீழும் போனால் சொனை திரும்ப ஏறிவிடும் என்று ஹெல்காம்மாவுக்கு ஜெர்மனில் விளக்கம் வேறு. அதன் பிறகு குழாயில் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒற்றி ஒற்றித் துடைப்பு. ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் கத்தியது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கு அதற்கப்புறம் நடந்ததும் ஞாபகம் இருந்திருக்கிறது.

"அடுத்து மோர்ல துணிய நனைச்சுப் போடணும். புளிக்காத மோரா இருக்கணும். அங்கிட்டு மோருக்கு எங்க போவீக?" என்றாள் முத்துலட்சுமி.

யாழினி அதை மொழிபெயர்த்ததும் ஹெல்காம்மா முகம் மலர்ந்தது. விறுவிறுவென்று தன் கொட்டகைக்குள் போய், சின்ன குளிர்பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். குவார்க் என்று இங்கே விற்பார்கள், கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். வெயிலில் தோல் சிவந்தால் அவருடைய அம்மா இதைத்தான் துணியில் தடவிப் போடுவாராம். "நானே இதை நினைத்திருக்கலாம்" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

"அதுவும் பாலுதான, போடு போடு. குளுந்தாச் சரி," என்று முத்துலட்சுமி உத்தரவு கொடுத்தாள். "சொறியக் கூடாதுன்னு அந்தம்மாட்டச் சொல்லு. நகத்த வெட்டிவிடு. ராவுக்குத் தேங்கா எண்ணெ தடவட்டும். ஞாயித்துக்கெழம பேசுறப்ப எப்டி இருக்குன்னு சொல்லணும், என்னா?"

ஞாயிற்றுக்கிழமை பேசும்போதா? விசாரித்தால், இருவரும் ஒவ்வொரு ஞாயிறும் பேசிக்கொள்கிறார்களாம். எனக்குத் தெரியாமல்! என் தங்கை, என் மகள், எனக்குத் தெரியாமல் ஒரு போன் உறவு. கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. சந்தோஷத்தில் வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றேன்.

துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்த ஹெல்காம்மாவிடம், சட்டையை எதற்குத் துவைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அழுக்காக இருந்தது, அதனால்தான் முதலில் எடுத்தேன். இஸ்திரிப் பலகையை விரித்த பிறகுதான் தெரிந்தது. வோல்ஃப்காங் போன பிறகு ஆம்பிளைச் சட்டை ஒன்றுக்கு நான் இஸ்திரி போடவே இல்லை. காலரில் ஆரம்பிப்பதா, கையில் ஆரம்பிப்பதா என்று நின்று யோசித்தேன். நிதானமாகப் போட்டேன். நன்றாக இருந்தது."

வோல்ஃப்காங் அவருடைய வீட்டுக்காரர். இறந்து சில வருஷம் ஆகிறது. நான் அவர் தோளில் கை வைத்தேன்.

5

கை இரண்டு நாளில் அடங்கியது. ஆனால் பேச்சு அடங்கவில்லை. வெண்டை விஷயம் எல்லாத் துண்டுக்கும் பரவியிருந்தது. வழக்கமாக வேலியோரம் நின்று பேசுகிறவர்கள்கூடத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். நான் ஜெர்மனில் ஒரு பேச்சுத் தயார் செய்தேன். யாழினி திருத்திக் கொடுத்தாள். "முடி" என்று வந்த இடத்தையெல்லாம் அவள் நீக்கிவிட்டாள். வேலை செய்யும்போதும் பஸ்ஸிலும் உருப்போட்டேன். தேங்காய் உடைத்து வேண்டிக்கொள்ளவும் செய்தேன், பால்கனியில்.

சனிக்கிழமை சங்கத்தின் ஓடு வேய்ந்த வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நாங்கள் மூன்று பேரும் கடைசி பெஞ்சு. ஹெல்காம்மாவைக் காணவில்லை. டீட்டர் வரவு செலவு பேசினார், குப்பைத் தொட்டி பேசினார், யாரோ ஒருவரின் வேலி உயரம் பேசினார். அப்புறம் எங்கள் துண்டு. "செடியால் ஓர் உறுப்பினருக்குத் தோலில் பாதிப்பு" என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். உருப்போட்டதில் ஒரு வரி வரவில்லை. யாழினி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறாள், வீட்டுக்காரர் தரையைப் பார்க்கிறார்.

அப்போது கதவு திறந்தது.

ஹெல்காம்மா வந்தார். வெள்ளைக் கோடு போட்ட நீலச் சட்டை, ஆம்பிளைச் சட்டை. தோள்பட்டை இரண்டும் கீழே தொங்குகிறது. மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருக்கிறார். இஸ்திரி மடிப்புக் கத்தி மாதிரி நிற்கிறது. அது யாருடைய சட்டை என்று அங்கிருந்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீட்டரும் வோல்ஃப்காங்கும் ஒன்றாகச் சீட்டு விளையாடியவர்கள் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

"தாமதத்துக்கு மன்னியுங்கள். அலமாரியில் தேட வேண்டியிருந்தது," என்றார் ஹெல்காம்மா. "செடியில் நஞ்சு இல்லை. இந்தச் செடியைப் பறிக்க ஒரு சட்டை வேண்டும். சட்டை கொட்டகையில் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாமல் இஸ்திரி போட்டது நான். இன்று காலையில் இதைப் போட்டுக்கொண்டு மறுபடி பறித்தேன். பாருங்கள்."

பொத்தானை அவிழ்த்துக் கையை மடித்துக் காட்டினார். தொடக் கூடாது என்று தலைவர் போட்ட தடையை மீறிவிட்டு, தலைவரிடமே சாட்சி காட்டுகிறார்! கையில் ஒரு தடிப்பு இல்லை.

டீட்டர் கையைப் பார்க்கவில்லை. சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார். முதல் கை அந்த நீலச் சட்டைக் கை. இரண்டாவது கை டீட்டருடையது. மற்றதை நான் எண்ணவில்லை, கண்ணில் தண்ணீர் மறைத்துவிட்டது. யாழினி என் காதில், "அம்மா, கெடச்சிருச்சு" என்றாள். தமிழில்.

6

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகத் தோட்டத்தில் கூடிவிட்டோம். நான் வீட்டுக்காரர் சட்டையில், ஹெல்காம்மா தன் வீட்டுக்காரர் சட்டையில். கையெல்லாம் விளக்கெண்ணெய் மினுக்கம். பறித்த காயைக் கையோடு பொரித்து, பருப்புச் சோற்றுக்கு வெஞ்சனமாக வைத்தேன். டீட்டருக்கும் ஒரு தட்டுப் போனது. வழவழப்பு இல்லையே என்று ஆச்சரியப்பட்டுச் சாப்பிட்டார்.

யாழினி எங்கள் இருவரையும் போட்டோ எடுத்துச் சித்திக்கு அனுப்பினாள். பதில் குரலாக வந்தது, அமைதி நேரத்தில்தான்.

"அந்தம்மாவுக்குச் சட்டை நல்லாருக்கு! காலர் பட்டனையும் போடச் சொல்லு, இல்லாட்டி கழுத்துல ஏறிரும். யாழி, பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்தாச்சாமே? லீவுக்கு வாரியா ஆத்தா?"

யாழினி என்னைப் பார்க்கவே இல்லை. போனை வாய்க்குக் கிட்டே வைத்து, "வாரேன் சித்தி" என்றாள். பிறகு அப்பாவிடம் போய், "ஒரு முழுக்கைச் சட்டை குடுங்கப்பா, பழசாப் பாத்து. ஊருக்கு எடுத்துட்டுப் போகணும்" என்று கேட்டாள். மில்லில் வேலை பார்த்த காலத்துச் சட்டை ஒன்றை, கை துடைக்கிற துணியாகக் கொட்டகையிலேயே போட்டு வைத்திருந்தார் அவர். சுருங்கிச் சுருண்டு கிடந்ததை உதறி எடுத்துக் கொடுத்தார்.

என்ன பேச்சு என்று ஹெல்காம்மா கேட்டார். யாழினி சொன்னாள். அவர் எண்ணெய்க் கையை அவசர அவசரமாகத் துணியில் துடைத்துவிட்டு, அந்தச் சட்டைக்காகக் கையை நீட்டினார்.

"இப்படியா எடுத்துக்கொண்டு போவாய்? கொடு. இஸ்திரி போட்டுத் தருகிறேன்."